அஷ்டமி நவமி பார்த்துக் கடலுக்குப் போங்க: கொங்குத் தம்பதிக்கு மலபார்க் கரையில் ஒரு நாள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று கொங்கு நாட்டில் எங்கே நின்றாலும் கடல் கிடையாது. பவானி, அமராவதி, தோட்டத்துக் கிணறு என்று நல்ல தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் கடற்கரைக்குத் திட்டம் போடும்போது ஆழியாறு அணைக்குப் போகிற மாதிரியே போடுகிறார்கள். பத்து மணிக்கு டிபன், பதினொன்றுக்குத் தண்ணீரில் இறங்குவது, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் போட்டோ. அணையில் தண்ணீர் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். கடல் நிற்காது. எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப மற்ற வேலைகளை அடுக்குவதுதான் கடற்கரை நாளுக்கான ஒரே சரியான முறை. பெரும்பாலான கோளாறுகள் இதைச் செய்யாமல் போவதால் வருகிறவை.

இந்த வழிகாட்டி கண்ணூர் மாவட்டத்தில் உள்ள முழப்பிலங்காடு, தர்மடம் கரைகளை வைத்து எழுதப்பட்டது. தலச்சேரியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர், கண்ணூரிலிருந்து சுமார் 15. மணலிலேயே வண்டி ஓட்டலாம், வற்றும் நேரத்தில் எதிரே உள்ள தீவுப் பக்கம் நடக்கலாம், பின்னால் ஆற்றில் துடுப்புப் படகு போடலாம். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். ரிசார்ட் சொகுசு தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

எந்த மாதம், எந்த நாள்

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். நாட்காட்டி கைவசம் இல்லையென்றால் ஊரிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது: பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் விசையாகச் சுற்றுகிற மாதங்களில் அந்தக் கடல் ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அவற்றைச் சுற்றவைக்கிற தென்மேற்குக் காற்றேதான் அங்கே கடலையும் கிளப்பிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீரில் இறங்கவே கூடாது. வண்டியை மணலில் இறக்கவும் தடை வரும். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்கிற வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் ரொம்பத் தோதானது.

சித்திரை, வைகாசியில் இன்னொரு ஆபத்து. மலபார் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கிற புயலில் எழும் பெரிய அலை, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நாள்கணக்கில் கழித்துக் கேரளக் கரையை வந்து அடிக்கும். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ரோடு வரை ஏறும். கண்ணால் பார்த்து இதைக் கணிக்க முடியாது. ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாளும், அன்று காலையும் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது திதி. அமாவாசை, பௌர்ணமியிலும் அதற்கடுத்த ஓரிரு நாளிலும் கடல் நன்றாக வற்றும், நன்றாக ஏறும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு. அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் மறுக்காதீர்கள்; தீவுப் பக்கம் நடக்க நினைக்கிறவர்களுக்கு அது நிஜமாகவே ஆகாத நாள். போதுமான அளவு தண்ணீர் விலகாது.

போய்ச் சேர்வது

ரயில்தான் சுலபம். சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக மங்களூரு போகிற ரயில்களில் தலச்சேரியில் இறங்க வேண்டும். சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூர் வழியாகவே போய்விடும். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இரண்டு முறை பாருங்கள். விடியற்காலையில் ஜங்ஷனில் நின்றுகொண்டு போத்தனூருக்கு ஆட்டோ தேடுகிற கொடுமை வேண்டாம்.

கார் என்றால் கோவையிலிருந்து வாளையாறு, பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு, வடகரை வழி. சுமார் 270 கிலோமீட்டர்தான், ஆனால் நம் ஊர் நான்கு வழிச்சாலைக் கணக்கில் நேரம் போடாதீர்கள். பாலக்காடு தாண்டியதும் ஊர் முடிகிற இடமே தெரியாமல் கடைவீதியாகவே வரும். ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி–மாஹே புறவழிச்சாலை அழியூரில் தொடங்கி முழப்பிலங்காட்டிலேயே முடிகிறது, 18.6 கிலோமீட்டர். அதில் ஏறினால் தலச்சேரி ஊருக்குள் போகவே மாட்டீர்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போக நினைப்பவர்கள் பழைய ரோட்டில் போக வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிடுங்கள். ஓட்டு வீடு, தென்னந்தோப்பு, ஃபேன் மட்டும் என்கிற மாதிரி ஹோம்ஸ்டேக்கள் கிடைக்கும். பேசும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: கொசுவலை உண்டா, குளிக்கிற தண்ணீர் உப்பா, மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்களா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு. இருவருடைய அடையாள அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும். தென்னைக்கு அடியில் காரை நிறுத்தக் கூடாது என்று பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்துப்போக வேண்டியவை

தண்ணீர் இருவருக்கும் சேர்த்து 6 லிட்டர். ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு. ரப்பர் அடி உள்ள, பின்பட்டை வைத்த செருப்பு இரண்டு ஜோடி. ஹவாய்ச் செருப்பை முதல் அலையே வாங்கிக்கொள்ளும். தண்ணீர் புகாத பை ஒன்று. மூடி இறுக்கமான 5 லிட்டர் காலி கேன் ஒன்று, பத்து மீட்டர் கயிறு. கேனும் கயிறும் எதற்கு என்று பின்னால் வரும்.

உடையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சேலை, வேட்டி, ஜீன்ஸ், துப்பட்டா எதுவும் தண்ணீருக்குள் வேண்டாம். நனைந்த பருத்தி கனக்கும், சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், அலை பின்வாங்கும்போது துணியோடு ஆளையும் சேர்த்து இழுக்கும். திருப்பூரில் மலிவாகக் கிடைக்கிற முழுக்கை பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் லெக்கின்ஸும் இருவருக்குமே போதும். வெயிலும் தாங்கும், சீக்கிரம் காயும்.

நகை விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. மோதிரத்தைக் கழற்றி அறையிலேயே வையுங்கள். தண்ணீரில் ஊறி விரல் குளிர்ந்து சுருங்கும்போது மோதிரம் வழுக்கிக்கொண்டு போவது தெரியவே தெரியாது. மெட்டியும் அப்படித்தான், மணல் அதை உருவிவிடும். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராது. அப்படியானால் கொடியை உடைக்குள் விட்டு, இரண்டு தோள்பக்கமும் ஒவ்வொரு ஊக்குப் போட்டு உள்துணியோடு குத்திவிடுங்கள். வெளியே தொங்கும் கொடி அலையில் தூக்கி எதிர்ப்பக்கம் சுற்றி, கொக்கி திறந்துகொள்ளும். சில ஜோடிகள் மஞ்சள் கயிற்றில் தாலியை மாற்றிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அது இன்னும் நல்ல யோசனை.

கார்ச் சாவி நனையக் கூடாது, தொலையவும் கூடாது. மாற்றுச் சாவி 270 கிலோமீட்டர் தள்ளி பீரோவில் இருக்கும்.

நாளை அடுக்குவது

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் இது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றைய வற்ற நேரம் காலை 10.30 என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாள் இப்படி அமையும்: வெள்ளனே 7 மணிக்கு, தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது மணலில் வண்டி. 9.30க்குத் தீவு நடை, 11க்குள் திரும்புவது. மத்தியானம் நிழல், மீன், தூக்கம். 3 மணிக்கு ஆற்றில் படகு, ஏற்றம் முடிகிற 4.45 வாக்கில் கரை. 5.30க்கு மறுபடியும் கடற்கரை. மேற்குக் கடல் என்பதால் சூரியன் தண்ணீரில்தான் இறங்கும். தை மாதத்தில் ஆறே கால், ஆறரைக்குள் முடிந்துவிடும்.

வற்றம் மத்தியானம் 3 மணிக்கு என்றால் எல்லாம் தலைகீழ்: காலையில் படகு, பொழுதோட நடை. நேரத்தை மாற்றலாம், வரிசையை வற்றம்தான் முடிவு செய்யும். ஹோம்ஸ்டேக்காரரிடம் “வேலியிறக்கம் எப்போ?” (மலையாளத்தில் வற்றம்) என்று கேட்டால் தாளைப் பார்க்காமலே சொல்வார். அதையும் வலைத்தள அட்டவணையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மணலில் வண்டி

முழப்பிலங்காட்டில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெட்டியான மணல். கட்டணம் கட்டி, இறக்கத்தின் வழியாக இறங்க வேண்டும். மணல் மூன்று பட்டையாகத் தெரியும். மேலே வெள்ளையாக உலர்ந்தது, நடுவே கருத்து ஈரமாக மங்கலாக இருப்பது, கீழே கண்ணாடி மாதிரி பளபளப்பது. நடுப்பட்டைதான் ரோடு. வெள்ளையில் சக்கரம் புதையும். பளபளப்பில் தண்ணீர் இன்னும் மணலுக்குள் இருக்கிறது, நின்றால் அமுங்கும்.

20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். திடீர் பிரேக், வெட்டித் திருப்புவது இரண்டும் கூடாது. பெரிய வட்டமாகத் திருப்புங்கள். அலைக்குள் ஓட்டிப் போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், உப்புத்தண்ணீர் பிரேக்குக்கும் அடிப்பாகத்துக்கும் எமன்.

நிறுத்துவதற்கு ஓர் அடையாளம்: கரையோரமாகச் சருகு, சிப்பி, பாசி, பிளாஸ்டிக் குப்பை ஒரே வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசி ஏற்றம் வந்து நின்ற கோடு அது. அதற்கு மேலே நிறுத்துங்கள். கீழே நிறுத்திவிட்டுத் தூங்கப் போனால் கார் தண்ணீரில் நிற்கும். இப்படி மாட்டிக்கொள்கிற வண்டிகள் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. பைக் என்றால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு போடாமல் இறங்காதீர்கள்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது முதல் தப்பு. சுற்றச் சுற்ற இன்னும் குழி பறிக்கும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கையால் மணலை வாருங்கள். டயர் காற்றை 32 லிருந்து 18–20 வரை இறக்குங்கள். கால் மிதியடியைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். ரோட்டுக்கு ஏறியதும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும், ஆகவே 12 வோல்ட் பம்ப் ஒன்று கையோடு இருக்கட்டும்.

தீவுப் பக்கம் நடை

தர்மடம் கரையிலிருந்து எதிரே தென்னையும் புதருமாகத் தெரிகிற சிறு தீவுக்கு வற்ற நேரத்தில் நடந்தே போய்விடலாம், 100 மீட்டர் சொச்சம்தான். தீவுக்குள் ஏற அன்றைக்கு அனுமதி உண்டா என்று கரையில் இருக்கும் காவலரிடமோ உயிர்காப்பாளரிடமோ கேட்டுவிட்டே காலை வையுங்கள். இல்லையென்றால் பாறை வரை போய்த் திரும்பினாலும் பாதகமில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுதான். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்தம் 96 சென்டிமீட்டர் ஏறப்போகிறது என்று வைத்துக்கொண்டால், வற்றம் கழிந்து முதல் மணியில் 8, இரண்டாவது மணியில் 16, மூன்றிலும் நான்கிலும் 24, 24, பிறகு 16, 8 என்று ஏறும். முதல் மணி நேரம் ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கும். “இன்னும் கொஞ்சம் இருக்கலாங்க” என்று தோன்றுகிற நேரமும் அதுதான். மூன்றாவது மணி முடியும்போது முழங்கால் தாண்டியிருக்கும், கூடவே பக்கவாட்டில் இழுக்கும். ஆகவே வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், வற்றம் கழிந்து அரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். போனில் அலாரம் வையுங்கள், இருவர் போனிலும்.

தெளிவாகத் தெரிகிற மணல் நடைபாதையை மட்டும் நம்பி எங்கேயும் போகக் கூடாது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு பொன்னானியில், ஆறு கடலில் சேரும் அழிமுகத்தில், கடலுக்குள் நீண்ட மணல்திட்டு தோன்றியது; ஜனம் கூட்டம் கூட்டமாக நடந்து போனது; ஏற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்று நிர்வாகம் தடை போட வேண்டி வந்தது.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வில் விலகிப் போகும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும். பாறைமேல் ஒட்டியிருக்கும் கல்லுமக்காய் என்கிற சிப்பியின் ஓடு பிளேடு மாதிரி வெட்டும், கையை ஊன்றாதீர்கள். திருக்கை குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெல்லி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்கவோ நல்ல தண்ணீரால் கழுவவோ கூடாது. கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியதைச் சுரண்டாமல் சாமணத்தால் மெதுவாக எடுங்கள்.

கிணற்று நீச்சல் கைகொடுக்காத இடம்

கிணற்றில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய் மிதவை) கட்டிக் குதித்துப் பழகியவர்களுக்கு மூச்சும் தைரியமும் நிறைய. கடலில் அந்தத் தைரியமே சில சமயம் பகை. கிணற்றில் நான்கு கை போட்டால் படிக்கட்டு கிடைக்கும். கடலில் தண்ணீரே நகர்கிறது.

அலை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் “இங்கே அலையே இல்லை” என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிற வாய்க்கால் அது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை எதிர்த்து நீந்தி வர முடியாது. எதிர்த்துக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள்.

இழுத்தால் செய்ய வேண்டியது: கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்குங்கள்; உப்புத்தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாகத் தாங்கும். மூச்சு நிலைப்பட்டதும் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். வாய்க்கால் அகலம் குறைவு, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். பிறகு அலை உடைகிற இடமாகப் பார்த்துச் சாய்வாகக் கரைக்கு வாருங்கள்.

கரையில் நிற்கிற துணை உடனே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரும் போவது இப்படித்தான். மூடிய காலி கேனைக் கயிற்றோடு வீசுங்கள், அதைக் கட்டிக்கொண்டு மிதக்கலாம். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 112 அடியுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554. இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இல்லாமல், முறை வைத்து இறங்குவது நல்லது. சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள். இடுப்புக்கு மேல் ஆழம் எந்த நாளிலும் வேண்டாம். குடித்துவிட்டு இறங்குவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆற்றில் துடுப்புப் படகு

அஞ்சரக்கண்டி ஆற்றுப் பக்கம் இரண்டு பேர் கயாக் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். கனமானவர் பின்னால், அவர்தான் திருப்புவது. முன்னால் இருப்பவர் தாளத்தை முடிவு செய்வார்; பின்னால் இருப்பவர் அவர் துடுப்பைப் பார்த்து அதே பக்கம் போட வேண்டும். இதை முதலில் பேசிக்கொள்ளாவிட்டால், “ஏம்புள்ள, வேகமாப் போடு”, “ஏனுங்க, நீங்க மொதல்ல நேரா விடுங்க” என்று ஆறு முழுக்கக் கேட்கும், படகு ஒரே இடத்தில் சுற்றும்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் தளர்வு, பட்டையை இறுக்குங்கள். ஏற்றத்தின்போது கிளம்பினால் தண்ணீரே மேல்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், ஏற்றம் நிற்கும் நேரத்தில் திரும்பலாம். வற்றத்தில் கிளம்பினால் ஆறு கடலைப் பார்த்து இழுக்கும். அழிமுகத்துப் பக்கம் போகவே வேண்டாம். கவிழ்ந்தால் படகை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது மிதக்கும்.

மீன்

காலையில் வாங்குங்கள். செவுள் சிவப்பாக, கண் உப்பலாகத் தெளிவாக, அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு அரை கிலோ அயிலை போதும். கீறி, மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், மஞ்சள் அரை ஸ்பூன், மிளகு, உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி ஊறவைத்து, வாட்டிய வாழை இலையில் மடித்துத் தோசைக்கல்லில் போட்டு எடுக்கலாம். கல்லுமக்காய் வாங்கினால் ஓடு மூடியிருப்பதையே எடுங்கள். வெந்த பிறகும் திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். கடலை எண்ணெய் பழகிய வயிற்றுக்குத் தேங்காய் எண்ணெயில் பொரித்தது முதல் நாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், குழம்பில் தொடங்குவது நல்லது. ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும்.

திரும்புவதற்கு முன்

வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். காரில் அடிப்பாகம், சக்கரத்தின் உள்வளைவு, பிரேக் தட்டு. பைக்கில் செயின், காய்ந்ததும் செயின் ஆயில் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் துரு தெரியும். கழுவின கையோடு பிரேக்கை நாலு தடவை மெதுவாகப் பிடித்து உலர்த்திவிட்டு நெடுஞ்சாலை ஏறுங்கள். ஈரத்துணியை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து தனிப் பையில் போடுங்கள். மீன் ஊருக்குக் கொண்டுபோக ஆசையென்றால் தெர்மாகோல் பெட்டியில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று அடுக்கி, மூடியை டேப்பால் சுற்றுங்கள். ஐஸ் உருகி ஒழுகினால் ரயில் பெட்டியில் பக்கத்து சீட்டுக்காரர் பாலக்காடு வரைகூடப் பொறுக்க மாட்டார்.